ஒலியுல்லா பாயின் அடுப்பேற்றாத சோப்பு

கொடைக்கானல் பஜாரில் பஸ் பார்சல் ஆபீசுக்கு நேர் எதிரே, சரிவில் ஒரு படி இறங்கினால், ஒலியுல்லா பாயின் மளிகைக் கடை இருந்தது. 1954 முதல் பார்சல் ஆபீசில் நான் எழுத்தர். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய தராசும், அதற்குப் பின்னால் அடுக்கிய பார் சோப்புக் கட்டிகளும், அவற்றுக்கும் பின்னால் வீட்டுக்குள் போகிற வாசலில் தொங்கும் பச்சைத் திரையும் தெரியும். அவரைப் பற்றிப் பஜாரில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். பெண்டாட்டிப் பைத்தியம் என்பார்கள். கஞ்சன் என்பார்கள். சோப்புக் கம்பெனி வைக்கப் பார்த்து நொடித்தவர் என்றும் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். மூன்றும் சரியல்ல. நான் கண்டதையும், அவரும் அவர் மனைவி அமீருன்னிசாவும் பிற்பாடு என்னிடம் சொன்னதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பாய்க்கு 1955 ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு ஊர் ஆயக்குடி. மாமனார் முத்து முகம்மது கொய்யாத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வெளியூருக்குப் பழம் அனுப்புகிறவர். பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் மாசி மாதத்திலேயே மண் சுடத் தொடங்கிவிடும். அங்கே பிறந்து வளர்ந்த பெண் ஐப்பசி மழையோடு எங்கள் மலைக்கு வந்து இறங்கினார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் முதலில் கேட்டது, "இங்க யாருக்கும் பல்லு தந்தியடிக்காதா மச்சான்?" என்பதுதான். பாய் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

கார்த்திகை பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது. அமீருன்னிசாவின் கைகள் வெடிக்கத் தொடங்கின. முதலில் விரல் கணுக்களில் மயிரிழை போலக் கோடுகள். பிறகு அந்தக் கோடுகள் பிளந்து ரத்தம் கசிந்தது. புல்லில் உறைபனி விழுகிற காலம் அது. குழாய்த் தண்ணீரில் துணி அலசினால் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. துவைக்கிற சோப்போ, பாய் தம் கடையில் கம்பியால் அறுத்து விற்கும் அதே மஞ்சள் பார் சோப்பு. அதில் சோடா அதிகம், அழுக்கோடு தோலையும் எடுத்துவிடும். அவர் கடைச் சரக்கே அவர் மனைவியின் கையைத் தின்றது. நல்ல வாசனைச் சோப்பு வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். வெண்ணெய் தடவிவிட்டார். பலனில்லை.

"ஒங்க மலைக்கு என்னயப் புடிக்கல" என்றாராம் அமீருன்னிசா, ஒரு நாள் கையைக் கரி அடுப்பில் காட்டிக்கொண்டே.

"மலைக்குப் புடிக்கலைன்னா என்ன? எனக்குப் புடிச்சிருக்குல்ல" என்று பாய் சொல்லியிருக்கிறார்.

அடுத்த பங்குனியில், தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போக முத்து முகம்மது வந்தார். மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, வெந்நி போட ஒங்க மலைல வெறகுக்கா பஞ்சம்?"

"வெறகு இருக்கு மாமா. வெந்நில தொவச்சுட்டுப் பச்சத் தண்ணில அலசுனா இன்னும் மோசமா வெடிக்குது."

மறுநாளே மாமனார் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். ஆடியில் பெண் குழந்தை பிறந்தது, ரோஷன் பேகம் என்று பேர் வைத்தார்கள். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் இருவரையும் அழைத்துவரப் பாய் ஆயக்குடிக்குப் போனார். தனியாகத்தான் திரும்பினார். கையில் ஒரு கூடை கொய்யாப் பழம். அதைக் கடைக்குள் ஒரு மூலையில் வைத்தார், விற்கவுமில்லை, தின்னவுமில்லை. பழம் கனிந்து அழுகும்வரை சாலை ஓரம் வரைக்கும் அந்த வாசனை வந்தது.

ஆயக்குடியில் நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். முத்து முகம்மது கோபப்படவில்லை. அமைதியாகத்தான் பேசினாராம்: "இப்பத்தான் கை ஆறியிருக்கு. பச்சப் புள்ள துணி தெனம் ஒரு குண்டான் தொவைக்கணும். மறுபடி அந்தக் குளிருக்கு அனுப்பி, கைய வெட்டிக்கச் சொல்லவா? ஒண்ணு, கடைய வித்துட்டு இங்க வாங்க. எனக்கும் தோப்புச் சோலி பாக்க ஆளு வேணும். இல்லையா, அவ கை அங்க தாங்கும்னு எனக்குக் காட்டுங்க. நானே கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்."

கடையை விற்கப் பாயால் முடியாது. அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், தலைச்சுமையாக அரிசி ஏற்றிக் கொண்டுவந்து தொடங்கிய கடை அது. அத்தாவை அடக்கம் செய்திருப்பதும் இந்த மலையில்தான்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். அவங்க என்று நான் கேட்டது அமீருன்னிசாவை.

"கதவுக்குப் பின்னால நின்னுச்சு. ஒண்ணுமே சொல்லலண்ணே" என்றார் பாய். அந்த 'ஒண்ணுமே சொல்லல' அவரை மாதக்கணக்கில் அரித்தது. பல வருஷம் கழித்து அமீருன்னிசா சொல்லித்தான் காரணம் எனக்குத் தெரிந்தது. "வர்றேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சுங்க. குனிஞ்சு கையப் பாத்தேன். நிறுத்திக்கிட்டேன்."

ஐப்பசியில் எண்ணெய் டின் எடுக்க வத்தலக்குண்டுக்குப் போன இடத்தில்தான் பாய்க்கு வழி கிடைத்தது. அங்கே சேனாதிபதி என்றொரு எண்ணெய்க் கடைக்காரர், கடைக்குப் பின்னால் தாமே சோப்பு போட்டுச் சலவைக்காரர்களுக்குக் கொடுப்பார். அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதில்லை. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, எண்ணெயில் ஊற்றிக் கிண்டுவதோடு சரி. மற்றதை அந்தக் காஸ்டிக் காரமும் எண்ணெயும் தாமே பார்த்துக்கொள்ளும்.

பாய் தம் கதையைச் சொன்னதும் சேனாதிபதி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "பொண்டாட்டிக்காகச் சவுக்காரம் போடுற மொத ஆளு நீருதான்யா. கேட்டுக்கிடும். சலவைக்குன்னா வெறும் தேங்கா எண்ணெய். கைக்குன்னா ஏழு பங்கு தேங்கா எண்ணெய், ரெண்டு பங்கு நல்லெண்ணெய், ஒரு பங்கு வெளக்கெண்ணெய். காஸ்டிக் ஒண்ணரைப் பங்குக்கு மேல போகப்படாது. அப்பத்தான் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நின்னு தோலக் காக்கும். காஸ்டிக்கத்தான் தண்ணில போடணும், காஸ்டிக் மேல தண்ணிய ஊத்திராதேயும், மூஞ்சில சீறும். அலுமினியச் சட்டி ஆகாது, ஓட்டையாயிரும்."

"எப்பக் கிண்டுறத நிறுத்தணும்?"

"கூழு மாதிரி வரும். கரண்டிய எடுத்து மேல கோடு போட்டா அந்தக் கோடு அழியாம நிக்கணும். அப்ப அச்சுல ஊத்தும். மறுநா அறுத்து, ஒரு மாசம் காத்தாட வையும்."

சேனாதிபதி எதையும் மறைக்கவில்லை. தமக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னார். வத்தலக்குண்டில் தேங்காய் எண்ணெய் வருஷம் பூராவும் தண்ணீராகவே இருக்கும். அது உறைந்து அவர் பார்த்ததில்லை. ஆகவே உறைந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவும் இல்லை.

தேவையான சாமான் எல்லாம் பஜாரிலேயே இருந்தது. மூன்று எண்ணெயும் பாயின் கடையில், காஸ்டிக் இரும்புக் கடையில், எனாமல் பேசின் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் ஏலச் சாமானில். டீத்தூள் வருகிற பலகைப் பெட்டி ஒன்றை அச்சாக வைத்துக்கொண்டார். வாசனைக்குத் தைல மரத்து இலையிலிருந்து காய்ச்சிய யூகலிப்டஸ் தைலம். காஸ்டிக்கை நிறுக்க மட்டும் பார்சல் ஆபீஸ் தராசைக் கேட்டு வந்தார்.

"ஒங்க கடைத் தராசு மேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா பாய்?" என்றேன்.

"வியாபாரத்துக்கு அது போதும்ணே. இது அவ கைக்கு."

தராசோடு நானும் போனேன். அது மார்கழி மாதத்து மத்தியானம். வெயில் இருந்தது, ஆனால் அதில் சூடு இல்லை. காஸ்டிக்கைத் தண்ணீரில் போட்டதும் அடுப்பில்லாமலே பேசின் கொதிப்பது போல ஆவி விட்டது. பாய் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு எட்டி நின்று கிண்டினார். அதைப் பின்வாசலில் ஆற வைத்தார். எங்கள் ஊர்க் காற்றில் அது ஆறியதோடு நிற்காமல் சில்லிட்டுப் போயிற்று. டின்னில் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக இருந்தது. அதைக் கரண்டியால் வெட்டி எடுத்து, லேசாக இளக்கி, மற்ற எண்ணெய்களையும் சேர்த்தார். சில்லிட்ட காரத் தண்ணீரை ஊற்றிக் கிண்ட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஆகுமென்று சேனாதிபதி சொல்லியிருந்தார். இங்கே பத்து நிமிஷத்தில் கூழாயிற்று. கோடு போட்டார். கோடு நின்றது.

"பாத்தீங்களாண்ணே! அல்லாவே வெரசா முடிச்சுக் குடுத்துட்டான்" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கும் அது சோப்பாகத்தான் தெரிந்தது.

மறுநாள் பெட்டியைப் பிரித்து மேலிருந்து அறுத்தார். வெள்ளை வெளேரென்று ஒழுங்கான கட்டிகள். பெட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. சோப்பு விட்ட தண்ணீர் என்று நினைத்துச் சாக்கடையில் ஊற்றினார். ஓரத்துத் துண்டு ஒன்றைக் கையில் தேய்த்துப் பார்த்தார். வழுவழுப்பாக இருந்தது, நுரை வரவில்லை. எந்தச் சோப்புத்தான் இந்தக் குளிரில் நுரைக்கிறது என்று சொல்லிக்கொண்டார். ஒரு மாதம் காய வைக்க வேண்டும் என்பதைத் தையில் பொங்கல் கழிந்ததுமே மறந்துவிட்டார், அல்லது மறந்தது போல இருந்துகொண்டார். குழந்தைக்கு அப்போது ஆறாவது மாதம். அது குப்புற விழுந்து தவழ ஆரம்பித்திருக்கிறது என்று பஸ் டிரைவர் திருமலைச்சாமி வந்து சொன்னதுதான் காரணம்.

திருமலைச்சாமி ஓட்டியது பழனி வண்டி. வத்தலக்குண்டு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாக ஆயக்குடியைத் தொட்டுப் போகும். ஆகவே கீழேயிருந்து மேலே வரும் கொய்யாக் கூடையும், குழந்தை பற்றிய சேதியும் அவர் கையில்தான் வரும். பிஸ்கட் டின் ஒன்றில் கட்டிகளை அடுக்கி, மேலே துணி போட்டுத் தைத்து, பாய் என் ஜன்னலில் கொண்டுவந்து வைத்தார். நான் பதிந்துகொண்டு வண்டியில் ஏற்றினேன்.

மூன்றாம் நாள் திருமலைச்சாமி நேரே கடைக்குப் போகாமல் என் ஜன்னலுக்கு வந்தார். "பாயி கிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு வாய் வரல" என்றார்.

மலையிறங்கி வத்தலக்குண்டைத் தாண்டும்போதே டின்னிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்ததாம். ஆயக்குடியில் திறந்து பார்த்தால் கட்டி ஒன்றும் இல்லை. அரை டின் எண்ணெயும் அதில் மிதக்கிற வெள்ளைத் திப்பிகளும்தான் இருந்தன. முத்து முகம்மது எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள எண்ணெய் அனுப்பியிருக்காரு, பணியாரம் சுடு" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அமீருன்னிசா ஒரு திப்பியை விரலில் எடுத்துத் தேய்த்தார். எண்ணெயோடு சேராமல் அதற்குள்ளே தங்கியிருந்த காரம் விரல் நுனியைச் சுட்டுவிட்டது. தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு முத்து முகம்மதுவுக்கு வேடிக்கை போய்விட்டது. "கை தாங்கும்னு காட்டுங்கன்னு சொன்னேன். சுட்டுக் காட்டுறாரு" என்றார். டின்னைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டச் சொன்னார்.

இதை நான் பாயிடம் சொன்னேன். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. அவர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "எந்த வெரலு?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு சில வாரம் அவர் சோப்புப் பேச்சே எடுக்கவில்லை. கடையை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்து போனார். பாய் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தேன். அவர் போன பிறகு பாய் வெகு நேரம் கடைக்கு வெளியே நின்று, பள்ளிவாசல் பக்கம் ஏறுகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அத்தாவை அந்தப் பக்கம்தான் அடக்கியிருந்தார்கள்.

மாசி பிறந்த சமயம் திருமலைச்சாமி வண்டியை நிறுத்திவிட்டு ஹாரனை விடாமல் அடித்தார். "பாயி! வாங்க, பார்சலு! நீங்க அனுப்பினதே திரும்பி வந்திருக்கு!"

அதே பிஸ்கட் டின். பாய் அதைத் திறக்கத் தயங்கினார். நான்தான் திறந்தேன். உள்ளே கெட்டியாகக் களி போல, மங்கலான மஞ்சள் நிறத்தில், தைல வாசனையோடு சோப்பு இருந்தது. கட்டியாக நிற்கவில்லை, ஆனால் சோப்புத்தான். விரலில் தொட்டுத் தண்ணீர் விட்டால் அந்தக் குளிரிலும் நுரைத்தது.

"அந்தப் புள்ள கொட்டலையாம்" என்றார் திருமலைச்சாமி. "அத்தா தோப்புக்குப் போனதும் டின்ன முத்தத்து வெயில்ல வச்சு, கரண்டியால தெனம் கிண்டியிருக்கு. நீங்க எப்படிப் போட்டீங்கன்னு கேட்டுச்சு, எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். எங்கிட்டச் சொல்லி விட்டத அப்படியே சொல்றேன், கேட்டுக்கங்க. 'இங்க சூட்டுல கிண்டுனதும் சேந்துக்கிச்சு. அங்க எண்ணெய் ஒறஞ்சிருக்கு. ஒறஞ்சதப் பாத்துட்டுச் சோப்பு ஆயிருச்சுன்னு மச்சான் நெனச்சுட்டாக. ஆனா காரம் பத்தாமக் களியா நிக்குது. அடில தண்ணி நின்னு, அதக் கொட்டுனாகளான்னு கேளுங்க. கொட்டியிருந்தா பாதிக் காரம் அதுலதான் போயிருக்கும். அடுத்த தடவ எண்ணெயையும் காரத்தையும் வெதுவெதுன்னு வச்சுக்கிட்டு ஊத்தச் சொல்லுங்க. ஊத்துன பெறகும் ஆறாமப் பொத்தி வைக்கச் சொல்லுங்க.' அவ்வளவுதான்."

"அடுத்த தடவன்னா சொல்லுச்சு?" என்று கேட்டார் பாய்.

"ஆமா. அடுத்த தடவன்னுதான்."

"நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"என்ன பாயி, சத்தியமா பண்ணச் சொல்றீங்க? அடுத்த தடவன்னுதான் சொல்லுச்சு. வலது கை ஆள்காட்டி வெரலாம், அதுவும் ஆறிருச்சாம்."

பாய் அன்றைக்கே எண்ணெயை நிறுத்தார். இந்த முறை தேங்காய் எண்ணெய் முழுதும் உருகித் தெளியும்வரை வெந்நீர்ப் பானைக்குள் டின்னை வைத்திருந்தார். காரத் தண்ணீர்ப் பாத்திரத்தை வெளியில் வைக்காமல் உள்ளேயே வைத்து, வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, இரண்டிலும் ஒரே வெதுவெதுப்பு வந்த பிறகுதான் ஊற்றினார். கிண்டினார். பத்து நிமிஷத்தில் ஒன்றும் ஆகவில்லை. கை மாற்றிக் கை மாற்றிக் கிண்டினார். கடைக்கு வந்தவர்களை, "சாமான் நாளைக்கு" என்று திருப்பி அனுப்பினார். நெடுநேரம் கழித்து மோர்க்குழம்பு பதத்துக்கு வந்து, அதிலிருந்து மெல்ல மெல்லத் தடித்துக் கோடு நின்றது. மேலே ஊற்றிய ஒரு கரண்டி உடனே முழுகாமல் மடிப்பாக நின்று பிறகு அமிழ்ந்தது. முதல் தடவை வந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் அப்போது எனக்கே தெரிந்தது. அது கெட்டிப்பட்ட நெய் போலத் துண்டு துண்டாக வெட்டுப்பட்டது. இது ஒரே உடம்பாக அசைந்தது.

பெட்டியைச் சுற்றுவதற்கு அமீருன்னிசா விட்டுப்போன கம்பளியை எடுத்தார். அது போதாது என்று தம்முடையதையும் எடுத்தார். வீட்டில் வேறு கம்பளி கிடையாது. விடிந்ததும் வண்டி எடுக்க வந்த திருமலைச்சாமி, அரிசிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கடை திறந்தவரைப் பார்த்துவிட்டார். "சோப்புக்கு ரெண்டு கம்பளி, பாயிக்குக் கோணி" என்று வத்தலக்குண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

கட்டிகளை அறுத்ததும் பாய் யாருக்கும் தரவில்லை, அனுப்பவும் இல்லை. எங்கள் ஊர்ப் பனியில் சோப்பு லேசில் காயாது. பக்கத்து ரொட்டிக் கடைப் பரணில் அடுப்பின் வெக்கை எப்போதும் இருக்கும். அங்கே இடம் கேட்டு வாங்கி, கட்டிக்குக் கட்டி இடைவெளி விட்டு அடுக்கினார். தினமும் வெள்ளனே தொழுதுவிட்டு வந்து ஏணியில் ஏறி, ஒவ்வொன்றையும் திருப்பி வைத்து, ஒன்றில் மட்டும் நாக்கு நுனியை வைத்துப் பார்ப்பார். சுருக்கென்றால் இன்னும் காரம் இருக்கிறதென்று அர்த்தம். இறங்கி வருகிற முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும்.

பங்குனி போயிற்று. சித்திரையில் சீசன் தொடங்கி, ஏரிக்கரையெல்லாம் வெளியூர்க் கார்கள். பஜாரில் வருஷம் பூரா விற்கிறதை அந்த இரண்டு மாதத்தில் விற்பார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் பாய் பரணிலிருந்து இறங்கி, "நாக்குல வெறும் சோப்புதாண்ணே" என்றார். அன்றைக்குக் கடைப் பலகைகளை மாட்டிப் பூட்டிவிட்டுப் பழனி வண்டியில் ஏறினார். இந்தத் தடவை டின்னை என்னிடம் பதியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். சீசனில் கடையைப் பூட்டியவர் எங்கள் பஜாரில் அவர் ஒருவர்தான். பைத்தியம் என்ற பேர் அன்றைக்கு வந்ததுதான்.

ஆயக்குடியில் நடந்ததை மூன்று பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாய், அமீருன்னிசா, பிற்பாடு முத்து முகம்மது. மூன்றும் ஒத்துப்போகின்றன.

முத்து முகம்மது கட்டியைக் கையில் வாங்கி முகர்ந்தார், நகத்தால் கீறினார். "இது மலைல கட்டி. இங்க என்னன்னு பாத்துருவோம்" என்று முற்றத்துத் துவைகல்லின் மேல், உச்சி வெயிலில் வைத்தார். ஆயக்குடிச் சித்திரை வெயில். வீட்டார் எல்லாரும் நிழலில் நின்று அந்தக் கட்டியையே பார்த்தார்கள். பாய் குழந்தையைத் தூக்கிக்கொள்ளவும் இல்லை. அது அவரை யாரென்று தெரியாமல் பார்த்து அழுததாம்.

கட்டி உருகவில்லை. மேலே கொஞ்சம் வியர்த்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று மாமனார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு காக்கை இறங்கி, கட்டியைக் கவ்விக்கொண்டு கொய்யாத் தோப்புக்குள் போய்விட்டது.

"காக்காய்க்குப் புடிச்சுப்போச்சு மாமா" என்றார் பாய்.

"காக்கா கையா வெடிக்கப்போகுது?" என்றார் மாமனார்.

அப்போதுதான் அமீருன்னிசா கதவைத் தாண்டி வெளியே வந்தார். "அத்தா, எனக்கு வெயில்ல வைக்கச் சோப்பு வேணாம். துணி தொவைக்கத்தான் வேணும்" என்று டின்னிலிருந்து வேறொரு கட்டியை எடுத்துக்கொண்டு, குழந்தையின் துணிக் குண்டானோடு கல்லடிக்குப் போனார். எல்லாத் துணியையும் துவைத்து, அலசி, பிழிந்து, கையைத் துடைக்காமல் அத்தாவிடம் நீட்டினார். முத்து முகம்மது புறங்கையையும் உள்ளங்கையையும் தடவிப் பார்த்தார்.  மறுநாள் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளையோடு அவரே வண்டி ஏறி வந்தார். சொன்ன சொல்படி கொண்டுவந்து விட்டார். பச்சைத் திரைக்குப் பின்னால் மறுபடி குழந்தைச் சத்தம் கேட்டது.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் சரியாக இராது. அந்த வருஷக் குளிரில் அமீருன்னிசாவின் கை வெடிக்கவில்லை. கணுவில் லேசாகச் சொரசொரத்தது, அதோடு சரி. ஆனால் குழந்தைக்கு மார்கழியில் நெஞ்சு கட்டி, மூச்சு விடுகையில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. சோப்பு அதற்கு என்ன செய்யும்? டாக்டர் கீழே அனுப்பச் சொன்னார். பாய் டின்னில் மிச்சமிருந்த கட்டிகளையெல்லாம் துணி மூட்டையில் வைத்துக் கட்டி, இருவரையும் வண்டியில் ஏற்றிவிட்டு, வளைவில் வண்டி மறைந்த பிறகும் என் ஜன்னல் ஓரத்திலேயே நின்றார்.

"கைய ஜெயிச்சேண்ணே" என்றார். 

அதிலிருந்து அவர்களுக்கு அதுவே வழக்கமாயிற்று. கார்த்திகையில் அமீருன்னிசாவும் ரோஷனும் கீழே போவார்கள். மாசிக் கடைசியில் மேலே வருவார்கள். போன அன்றைக்கே பாய் எண்ணெயை வெந்நீரில் வைப்பார். பஜாரில் எங்களுக்கு அது ஒரு அடையாளம். பாய் வீட்டிலிருந்து தைல வாசனை வந்தால் அந்தப் பெண் ஊருக்குப் போயாயிற்று என்று தெரிந்துகொள்வோம். அவர்கள் வருகிற நேரத்துக்குக் கட்டி காய்ந்திருக்கும். இடையில் கீழேயிருந்து கொய்யாக் கூடை வரும், மேலேயிருந்து முந்தின வருஷத்துச் சோப்பு போகும். ஆயக்குடி வீட்டில் குளிர்காலம் முழுக்க எங்கள் ஏரிக்கரைத் தைல மர வாசனை, எங்கள் பஜாரில் கொய்யா வாசனை. விடுதிகளில் வேலை செய்யும் ஆயாக்கள் கேள்விப்பட்டு விலைக்குக் கேட்பார்கள். வீட்டுக்குப் போக மிச்சமிருந்தால் கொடுப்பார், விற்பதற்கென்று தனியாகப் போட்டதில்லை. எண்ணெயும் பெட்டியும் கையில் இருக்க, கூடுதலாக ஏன் போடவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "ரெண்டு பேருக்குன்னு நெனச்சுக் கிண்டுறேண்ணே. ஊருக்குன்னா கை வலிக்கும்" என்றார்.

1966-ல் மாசி போய்ப் பங்குனியும் போயிற்று, அவர்கள் வரவில்லை. முத்து முகம்மது படுத்த படுக்கையாகிவிட்டார். மகள் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. பாய் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பரணில் சோப்பு காய்ந்தது, காய்ந்து ஓரங்கள் சுருங்கின, ஒன்றோடு ஒன்று தட்டினால் ஓடு போலச் சத்தம் வந்தது. அவர் இப்போது நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் தினமும் ஏணியில் ஏறினார், திருப்பி வைத்தார், இறங்கினார்.

"இன்னும் எதுக்குப் பாயி திருப்பி வைக்கிறீங்க? அது காஞ்சு கல்லாயிருச்சே" என்று திருமலைச்சாமி கேட்டார்.

"சும்மா கெடக்கட்டும்னு விட மனசு வரல."

ஆடியில் முத்து முகம்மது காலமானார். ஆவணி பாதியில் அமீருன்னிசாவும் பத்து வயது ரோஷனும் வந்து இறங்கினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அமீருன்னிசா மூட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டுக் கொல்லைக் குழாயடிக்குப் போனார். பாய் பரணிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அவர்களுடைய பார்சலுக்கு ரசீது கொடுக்கப் போன நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"என்ன மச்சான் இது, தேய்க்கத் தேய்க்கக் கரைய மாட்டேங்குது?" என்று அமீருன்னிசாவின் குரல் கேட்டது.

"ரொம்ப நாளு காஞ்சிருச்சு" என்றார் பாய். "கொஞ்ச நேரம் தண்ணிலயே கைய வச்சுரு. நுரைச்சுரும்."

ரசீதைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு நான் வந்துவிட்டேன்.